லாயோலும் ஒப்பினெலும்: இரண்டு பிரெஞ்சு மடக்குக் கத்திகளின் வரலாறு

லாயோல், ஒப்பினெல் ஆகியவை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் உருவான இருவகை மடக்குக் கத்திகள். இரண்டும் மலைநாட்டு உழவர்களும் மேய்ப்பர்களும் அன்றாட வேலைக்குப் பையில் வைத்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. இன்று கைவினையாகச் செய்யப்பட்ட நல்ல லாயோல் கத்தியின் விலை நூறு யூரோவைத் தாண்டும். நடுத்தர அளவுள்ள சாதாரண ஒப்பினெல் கத்தி பத்து முதல் இருபது யூரோவுக்குக் கிடைக்கும். ஒரே தேவைக்குப் பிறந்த இரு கருவிகளில் ஒன்று விலையுயர்ந்த பொருளாகவும் மற்றொன்று எல்லோருக்கும் எட்டும் பொருளாகவும் ஆனது எப்படி என்பதையும், அந்த விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மடக்குக் கத்தியின் தொடக்கம்

மடக்குக் கத்தி மிகப் பழைய கருவி. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் பகுதியில் எலும்புக் கைப்பிடி கொண்ட இரும்புக்கால மடக்குக் கத்தி கிடைத்துள்ளது. அதன் காலம் கி.மு. 600க்கும் 500க்கும் இடைப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. உரோமானியர்களும் இத்தகைய கத்திகளைப் பயன்படுத்தினர்.

பழைய மடக்குக் கத்திகளில் அலகு ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும். அதை விரித்த நிலையில் நிறுத்தி வைப்பது உராய்வு மட்டுமே. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் முதுகுவில் கொண்ட கத்திகள் பரவலாயின. கைப்பிடியின் முதுகுப்பக்கம் பொருத்தப்பட்ட எஃகுத் தகடு அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடிக்கும். அதனால் கத்தி விரிந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் தானாக அசையாது. இறகுப் பேனாவின் முனையைச் சீவ இத்தகைய சிறு கத்திகள் பயன்பட்டதால்தான் தமிழிலும் 'பேனாக் கத்தி' என்ற சொல் வழங்குகிறது.

லாயோல் முதுகுவில் வகையைச் சேர்ந்தது. ஒப்பினெல் உராய்வு வகையிலிருந்து வந்தது. விலை வேறுபாட்டின் முதல் வேர் இங்கேயே இருக்கிறது.

லாயோல்: மேய்ப்பர்களின் கத்தி

லாயோல் என்பது தெற்குப் பிரான்சின் அவெரோன் மாவட்டத்தில், ஓப்ராக் பீடபூமியில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிற்றூர். எழுத்துகளைப் பார்த்து 'லாகியோல்' என்று வாசிப்பவர்களும் உண்டு. உள்ளூர் வழக்கில் அது லாயோல்தான். மாடு வளர்ப்பே அங்கு முதன்மைத் தொழில்.

இவ்வூரில் 1829ஆம் ஆண்டு பியேர்-ழான் கால்மெல்ஸ் என்ற கத்திக் கொல்லர் மடக்குக் கத்தியைச் செய்யத் தொடங்கினார். அதற்கு முன் அப்பகுதியில் 'காப்புஷாது' என்ற மடங்காத கத்தி வழக்கில் இருந்தது. வேலை தேடி ஸ்பெயினுக்குச் சென்று திரும்பியவர்கள் கொண்டுவந்த 'நவாஹா' மடக்குக் கத்தியின் சாயலும் உள்ளூர்க் கத்தியின் சாயலும் சேர்ந்து லாயோலின் மெல்லிய வளைந்த வடிவம் உருவானது எனக் கருதப்படுகிறது.

கத்தியின் துணைக் கருவிகள் பயன்படுத்தியவர்களின் வாழ்வைக் காட்டுகின்றன. 1840 அளவில் கூரிய ஊசி ஒன்று சேர்க்கப்பட்டது. ஈரமான பசும்புல்லைத் தின்று வயிறு உப்பிய மாட்டின் வயிற்றில் துளையிட்டுக் காற்றை வெளியேற்றவும், தோல்வாரில் துளை போடவும் அது உதவியது. 1880 அளவில் தக்கைத் திருகி சேர்ந்தது. அவெரோனிலிருந்து பாரிசுக்குக் குடிபெயர்ந்து உணவகங்களையும் மதுக்கடைகளையும் நடத்தியவர்களுக்கு அது தேவைப்பட்டது.

முதுகுவில்லின் தலைப்பகுதியில் காணப்படும் தேனீ உருவத்தை நெப்போலியன் இவ்வூருக்கு அளித்த சிறப்பு என்று ஒரு கதை சொல்வதுண்டு. நெப்போலியன் இறந்தது 1821இல்; கத்தி பிறந்தது 1829இல். தேனீ வடிவம் பரவலானது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பிரெஞ்சுக் கத்திக் கொல்லர்கள் வில்லின் அந்த முனையையே 'ஈ' என்று அழைத்து வந்தனர். அச்சொல்லே அழகுபடுத்தப்பட்டு உருவமாயிற்று.

தியேர் நகருக்குச் சென்ற தொழில்

லாயோல் சிற்றூரின் பட்டறைகள் சிறியவை. வடக்கே உள்ள தியேர் நகரமோ இடைக்காலம் முதலே பிரான்சின் கத்தித் தொழில் மையம். அங்கு ஓடும் துரோல் ஆற்றின் விசையால் சாணைக்கற்கள் சுழன்றன. சாணை பிடிப்போர் பலகையில் குப்புறப் படுத்தபடி, கீழே சுழலும் கல்லில் அலகுகளைத் தீட்டினர். குளிர்காலத்தில் அவர்களின் கால்கள் மேல் நாய்கள் படுத்து வெப்பம் தந்தன. காய்ச்சுபவர், தீட்டுபவர், கைப்பிடி செய்பவர், பொருத்துபவர் என வேலை பலரிடையே பிரிக்கப்பட்டிருந்ததால் கத்தியின் விலை குறைந்தது.

லாயோல் வடிவம் புகழ்பெற்றதும் தியேரின் பட்டறைகளும் அதைச் செய்யத் தொடங்கின. முதல் உலகப் போருக்குப் பின் லாயோல் ஊரில் உற்பத்தி ஏறத்தாழ நின்றுபோயிற்று. பல பத்தாண்டுகள் லாயோல் கத்திகள் பெரும்பாலும் தியேரிலேயே உருவாயின. 1980களில்தான் ஊர் மக்கள் தொழிலை மீட்க முனைந்தனர். 1987இல் அங்கு புதிய தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த அதன் கூரையில் வானை நோக்கி நிற்கும் மாபெரும் கத்தி அலகு உள்ளது. மீட்கப்பட்ட கத்தி இப்போது மேய்ப்பருக்கான கருவியாக அல்ல, சேகரிப்பாளருக்கும் உணவு மேசைக்கும் உரிய கைவினைப் பொருளாகச் சந்தைக்கு வந்தது.

ஒப்பினெல்: ஐந்து உறுப்புக் கத்தி

ஒப்பினெலின் பிறப்பிடம் ஆல்ப்சு மலையிலுள்ள சவோய் பகுதி. 1860இல் இப்பகுதி பிரான்சுடன் இணைந்தது. மோரியென் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஜோசப் ஒப்பினெல் 1872இல் பிறந்தவர். அவருடைய குடும்பம் உழவர்களுக்கான வெட்டுக் கருவிகளைச் செய்துவந்தது. 1890இல், தம் 18ஆம் வயதில், அவர் எளிய மடக்குக் கத்தி ஒன்றை வடிவமைத்தார். 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் அது வெளிவந்தது. எண் ஏற ஏற அலகும் நீளும். எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர்.

ஜோசப்பின் கவனம் கத்தியில் மட்டுமன்றி அதைச் செய்யும் முறையிலும் இருந்தது. மரக் கைப்பிடிகளை வேகமாகச் செய்ய அவர் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். உள்ளூரில் கிடைத்த பீச் மரமே கைப்பிடியாயிற்று. ஆல்ப்சைக் குடைந்து 1871இல் திறக்கப்பட்ட சுரங்கத்தின் வழியே இத்தாலிக்குச் செல்லும் இரயில் பாதை இப்பள்ளத்தாக்கில் ஓடியது. இரயில் தொழிலாளர்களும் ஊர் ஊராகச் செல்லும் வணிகர்களும் கத்தியைப் பரப்பினர்.

1909இல் 'முடிசூடிய கை' என்ற வணிகக்குறியை ஜோசப் பதிவு செய்தார். ஆசி வழங்கும் கை அருகிலிருந்த சேன்-ழான்-த-மோரியென் நகரின் சின்னம். முடி, சவோய் ஆட்சிமரபைக் குறிக்கிறது. இந்தப் பதிவு அன்று சிறு செய்தியாகத் தோன்றியிருக்கலாம். அதன் பொருள் பின்னர் வெளிப்பட்டது.

தொடக்க கால ஒப்பினெலில் நான்கு உறுப்புகளே இருந்தன: அலகு, மரக் கைப்பிடி, ஆணி, ஆணியைத் தாங்கும் உலோக வளையம். 1955இல் மார்செல் ஒப்பினெல் ஐந்தாவது உறுப்பைச் சேர்த்தார். 'வீரோபிளாக்' எனப்படும் அந்தத் திருகு வளையத்தைச் சற்றே திருப்பினால் விரிந்த அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். 2000 முதல் மடங்கிய நிலையிலும் பூட்ட முடிகிறது. மிகச் சிறிய அளவுகளில் இவ்வளையம் இல்லை. 1989இல் 'ஒப்பினெல்' என்பது லாரூஸ் அகராதியில் ஒரு சொல்லாகவே இடம்பெற்றது.

அமைப்பும் உழைப்பும்

ஒப்பினெலின் ஐந்து உறுப்புகளும் இயந்திரத்தில் உருவாகி எளிதில் பொருந்துபவை. லாயோல் அவ்வாறன்று. முதுகுவில் சரியான அழுத்தம் தர வேண்டும். அலகின் அடிப்பகுதி வில்லின் பள்ளத்தில் பிசகின்றி அமர வேண்டும். விரிந்த நிலையில் அலகு ஆடக் கூடாது. மடங்கிய நிலையில் நேர் நடுவே படுக்க வேண்டும். இவற்றை ஒவ்வொரு கத்திக்கும் தனித்தனியே அரம் கொண்டு சரிசெய்கிறார்கள். வில்லின் முதுகில் கையால் கோலங்கள் செதுக்கப்படுகின்றன. கொம்பு, ஜூனிபர் மரம் போன்ற கைப்பிடிப் பொருள்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் அவற்றையும் தனித்தனியே மெருகேற்ற வேண்டும். நல்ல லாயோல் நூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்தே முழுமை பெறுகிறது. அதன் விலையில் பெரும்பகுதி இந்த மனித உழைப்பின் நேரமே.

கூர்மையும் பாதுகாப்பும்

விலை அதிகமான கத்தி நன்றாக வெட்டும் என்று பலரும் எண்ணுவர். இவ்விரு கத்திகளும் அந்த எண்ணத்தைச் சோதிக்கின்றன. வெட்டும் திறனைத் தீர்மானிப்பவை மூன்று: எஃகின் கலவை, அதைக் காய்ச்சிக் கடினமாக்கிய முறை, அலகின் தடிமனும் சரிவும்.

ஒப்பினெலின் துருப்பிடிக்காத வகையில் பயன்படுவது 12சி27 என்ற சுவீடன் நாட்டு எஃகு. அதில் சுமார் 0.6 விழுக்காடு கார்பனும் 13.5 விழுக்காடு குரோமியமும் உள்ளன. விலையுயர்ந்த லாயோல் கத்திகளைச் செய்வோரில் சிலரும் இதே எஃகைத்தான் பயன்படுத்துகின்றனர். ஒப்பினெலின் அலகு மெல்லியது. பழத்திலும் ரொட்டியிலும் எளிதாக இறங்கும். இதன் கார்பன் எஃகு வகை விரைவில் தீட்டக்கூடியது. ஆனால் பழச்சாறு பட்டால் கறுக்கும். ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும்.

பாதுகாப்பிலும் விலை வழிகாட்டியாக இல்லை. மரபான லாயோலில் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்திருக்கிறது. தவறான பக்கம் அழுத்தினால் அது விரல்மேல் மடங்கக்கூடும். மலிவான ஒப்பினெலில் பூட்டு வளையம் உண்டு.

ஒப்பினெலுக்கும் குறைகள் உள்ளன. மரம் ஈரத்தில் ஊதினால் அலகு இறுகிக்கொள்ளும். அப்போது கைப்பிடியின் பின்முனையை மேசையில் தட்டி அலகை வெளிக்கொணரும் வழக்கம் சவோயில் உண்டு. விரிப்பதும் பூட்டுவதும் இரு தனிச் செயல்கள். லாயோலிலோ அலகு ஒரே அசைவில் வில்லின் பிடியில் அமர்கிறது. கையில் அது தரும் நிறைவும் கொம்பின் மெருகும் வேறு. அவற்றுக்கு விலை கொடுப்பதில் தவறில்லை. கூர்மைக்காகக் கொடுக்கிறோம் என்று நினைப்பதே தவறு.

பெயர் யாருக்குச் சொந்தம்?

ஒப்பினெல் என்ற பெயர் ஒரு குடும்பத்தின் பெயர்; குறியும் முன்பே பதிவாகிவிட்டது. லாயோல் ஓர் ஊரின் பெயர். கால்மெல்சோ மற்றவர்களோ அதைக் கத்திக்கு மட்டும் உரியதாகக் காக்கவில்லை. தியேரில் செய்ததும் லாயோல்தான். பின்னர் சீனா, பாகிஸ்தான் முதலிய நாடுகளில் மலிவாகச் செய்து, தேனீ பதித்து விற்றதும் லாயோல்தான். அப்பெயர் ஒரு கத்தி வடிவத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது என்ற நிலை ஏற்பட்டது.

1993இல், அவ்வூருடன் தொடர்பில்லாத ஒரு தொழில்முனைவர் 'லாயோல்' என்பதைப் பலவகைப் பொருள்களுக்கான வணிகக்குறியாகப் பதிவு செய்தார். ஊராட்சி தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2012இல் பாரிஸ் நீதிமன்றம் ஊருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சுமார் 1,300 பேர் வாழும் அவ்வூரின் மக்கள் ஊர் எல்லையிலிருந்த பெயர்ப்பலகையைத் தாங்களே கழற்றித் தம் எதிர்ப்பைக் காட்டினர். 2019இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பதிவுகளில் பலவற்றை ரத்து செய்தது.

இதில் ஒரு முரண் உண்டு. லாயோல் என்ற பெயரிலேயே வழங்கும் பாலாடைக்கட்டி 1961 முதல் தோற்ற இடப் பாதுகாப்பைப் பெற்றிருந்தது. பிரெஞ்சுச் சட்டம் அப்போது உணவுக்கும் வேளாண் பொருளுக்கும் அளித்த பாதுகாப்பைக் கைவினைக்கு அளிக்கவில்லை. 2014இல் இயற்றப்பட்ட சட்டமே தொழிற்பொருள்களுக்கும் கைவினைப் பொருள்களுக்கும் புவிசார் குறியீட்டை அனுமதித்தது. இந்தியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திலேயே இரண்டையும் உள்ளடக்கியதால்தான் காஞ்சிபுரம் பட்டு போன்றவை அக்குறியீட்டைப் பெற முடிந்தது.

முடிவு

விலை ஏற்றத்தாழ்வைத் தரத்தின் ஏற்றத்தாழ்வாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இவ்விரு கத்திகளின் வரலாறு ஓர் எச்சரிக்கை. ஒப்பினெல் மலிவானது, ஆனால் போலியன்று. எளிமையே அதன் விலையைக் குறைத்தது. லாயோல் கைவினையாகச் செய்யப்படும்போது அதன் விலைக்கு உழைப்பு என்ற நியாயம் உண்டு. ஆனால் அப்பெயரும் தேனீயும் மட்டும் அந்த உழைப்புக்குச் சான்றாகா. அலகில் பொறித்திருக்கும் தயாரிப்பாளரின் பெயரையும், கத்தி செய்யப்பட்ட ஊரையும், வில்லும் அலகும் பொருந்தும் விதத்தையும் பார்த்தே அதை மதிப்பிட வேண்டும். உழைப்பாளியின் பெயர் பொருளோடு சேர்ந்து பயணிக்காவிட்டால், ஒரு தொழிலின் நற்பெயர் அதை வளர்த்தவர்களின் கையைவிட்டுப் போய்விடும் என்பதை லாயோல் ஊரார் தங்கள் பெயர்ப்பலகையைக் கழற்றிய நாளில் உலகுக்கு உணர்த்தினர்.