கட்டடக்கலைப் படிப்பைத் தேர்தல்: குமரி மாவட்ட மாணவரும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களும்

கட்டடக்கலைப் படிப்பு, வீடு முதல் நகரம் வரை மனிதர் வாழும் இடங்களை வடிவமைப்பதற்கான பல்கலைக்கழகக் கல்வி. இந்தியாவில் இது பி.ஆர்க் எனப்படும் ஐந்தாண்டுப் பட்டம். வரைபலகையும் மாடலும் ஜூரி எனப்படும் மதிப்பீட்டு அமர்வும் நிறைந்த ஸ்டுடியோவே இதன் மையம். இடையே ஓர் அரையாண்டாவது ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சி பெற வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இப்படிப்புக்குப் போகிறவர்களுக்குத் தமிழ்நாடு, எல்லைக்கு அப்பால் கேரளம், கடல் கடந்த நாடுகள் என வாய்ப்புகள் விரிகின்றன. இவற்றில் அயல்நாட்டுத் தேர்வில்தான் தவறான முடிவுகள் அதிகம் நேர்கின்றன. மருத்துவத்துக்கு வெளிநாடு போகிறவர், திரும்பி வந்து இந்தியாவில் பதிவு பெற முடியுமா என்று முதலில் கேட்கிறார். கட்டடக்கலைக்குப் போகிறவரும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும், பெரும்பாலும் கேட்பதில்லை.

பட்டமும் பதிவும்

1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவரே தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டத்தின் தடை அந்தப் பெயருக்குத்தான், வடிவமைக்கும் வேலைக்கு அன்று என உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆகவே நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் சிவில் பொறியாளர்கள் வீட்டுக்குப் பிளான் போட்டுத் தருவதை இச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகையில் ஆர்க்கிடெக்ட் என்று எழுதவும், அந்தப் பதவிக்கான அரசு வேலைகளுக்கு விண்ணப்பிக்கவும் பதிவு எண் வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர் அதன் தகுதியை மன்றத்திடம் நிறுவ வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் இளங்கலை மூன்றாண்டுதான். தொழிலுக்கான தகுதி அதற்கு மேல் ஈராண்டு முதுகலையையும் முடித்த பிறகே வருகிறது. மூன்றாண்டோடு ஊர் திரும்பினால் கையில் பட்டம் இருக்கும், அதைக் கொண்டு ஆர்க்கிடெக்டாகப் பதிவு பெற முடியாது. அமெரிக்காவிலும் நான்காண்டு பி.எஸ் பட்டம் உண்டு, ஐந்தாண்டு பி.ஆர்க்கும் உண்டு. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே பேராசிரியர்களால் கற்பிக்கப்படலாம். என்ஏஏபி என்ற அமைப்பு அங்கீகரிப்பது பின்னதை மட்டுமே.

உள்நாட்டில் சேரும் முறை

பி.ஆர்க் சேர மேல்நிலையில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். மன்றம் 2006 முதல் நடத்தும் நாட்டா தேர்வு அடிப்படைத் தகுதி. இப்போது இது 200 மதிப்பெண்ணுக்கானது: வரைதலுக்கு 80, கணினி வழிக் கேள்விகளுக்கு 120. தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் நாட்டா மதிப்பெண்ணும் சரிபாதியாகச் சேர்த்துத் தரவரிசை போடுகிறார்கள். திருச்சி, கோழிக்கோடு என்ஐடிகளுக்கும், டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளிகளுக்கும் ஜேஇஇ மெயின் தேர்வின் 2ஏ தாள். கரக்பூர், ரூர்க்கி, வாராணசி ஐஐடிகளுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறிய பின் தனித் திறனறித் தேர்வு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி 1957-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு மாணவர் அதிகம் விரும்பும் இடம் இன்றும் அதுவே.

களியக்காவிளைக்கு அப்பால்

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன் இம்மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் தலைநகரம். 1939-இல் நிறுவப்பட்ட அந்நகரத்துப் பொறியியல் கல்லூரியில் இன்று பி.ஆர்க் உண்டு. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம். சென்னையோ ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஆனால் கேரள நுழைவுத் தேர்வுக் கணக்கில் குமரி மாணவர் வெளிமாநிலத்தவர். அரசு இடங்களில் கேரளத்தவருக்கே முன்னுரிமை. அயலார் என்ற தகுதியை இம்மாவட்டத்து மாணவர் முதன்முதலில் சந்திப்பது விமான நிலையத்தில் இல்லை, மாநில எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு அப்பால்தான்.

படிக்க இடம் கிடைக்காவிட்டாலும் பார்க்கத் தடையில்லை. 1937-இல் பர்மிங்காம் கட்டடக்கலைப் பள்ளியில் பட்டம் பெற்ற லாரி பேக்கர், இந்தியாவுக்கு வந்து 2007-இல் இறக்கும்வரை இந்நாட்டிலேயே கட்டினார். கடைசிப் பல பத்தாண்டுகள் திருவனந்தபுரத்தில். அங்கே உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம், தம்பானூரில் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸ் இரண்டையும் ஒரே நாளில் பார்த்து வரலாம். பூசாத செங்கல், காற்று நுழையும் துளைச் சுவர், சிக்கனமான அடுக்குமுறை: அயல்நாட்டில் படித்தவர் ஒருவர் இந்த மண்ணின் மழைக்கும் வெயிலுக்கும் கட்டக் கற்றுக்கொண்டதன் சான்றுகள் அவை.

வளைகுடாவில் வளர்ந்தவர்கள்

குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் பல துபாயிலும் மஸ்கட்டிலும் குவைத்திலும் இருக்கின்றன. அங்கே பள்ளி முடிக்கும் பிள்ளைகள் இந்தியக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்குரிய வழியில் சேரலாம். என்ஐடிகளுக்கு டாசா என்ற திட்டம். அதற்குள் வளைகுடா நாடுகளில் பணிபுரியும் இந்தியரின் பிள்ளைகளுக்குத் தனிப்பிரிவு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம் உள்நாட்டு மாணவருக்குரியதே. அண்ணா பல்கலைக்கழகமும் இப்பிரிவினருக்குத் தனிச் சேர்க்கை நடத்துகிறது. சலுகை இருப்பது தெரியாமல் மேலாண்மை ஒதுக்கீட்டில் பெரும் தொகை கட்டிச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அயல்நாடுகள்

அமெரிக்காவில் பதிவு பெற என்ஏஏபி அங்கீகாரம் பெற்ற பட்டம், 3,740 மணி நேர அலுவலக அனுபவம், ஆறு பிரிவுகள் கொண்ட தேர்வு ஆகிய மூன்றும் வழக்கமான தேவைகள். முழுநேர வேலையில் அந்த மணிக்கணக்கை முடிக்க ஏறத்தாழ ஈராண்டு ஆகும். மாணவர் விசாவில் படிப்பு முடிந்து வேலை செய்யக் கிடைப்பது 12 மாதம். அறிவியல், தொழில்நுட்ப வகைப் பட்டமாயிருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஒரே மாதிரிப் பாடத்திட்டம் கொண்ட இரு எம்.ஆர்க் படிப்புகளில் ஒன்று அந்த வகையில் வரும், மற்றது வராது. பல்கலைக்கழகம் பட்டத்துக்கு இட்டிருக்கும் வகைப்பாட்டு எண்ணைக் கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.

இந்தியாவில் பி.ஆர்க் முடித்துப் போகிறவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே தொழில்முறைப் பட்டம் பெற்றவர்களுக்கென்று ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முதுகலைகள் அங்கே உள்ளன. பெயர்பெற்ற பள்ளிகள் நடத்துபவை. காலம் குறைவு, செலவும் குறைவு. ஆனால் இவை என்ஏஏபி அங்கீகாரத்துக்கு உட்படாதவை. ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவருக்கு இதில் இழப்பில்லை. அங்கேயே தொழில் செய்ய நினைப்பவர், முந்தைய படிப்புக்குச் சில பருவங்களைக் கழித்துத் தரும் தொழில்முறை எம்.ஆர்க்கைத் தேட வேண்டும், அல்லது தம் இந்தியப் பட்டத்தை அங்கே மதிப்பீடு செய்விக்க வேண்டும்.

பிரிட்டனில் பகுதி ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் வைத்த முறை நெடுங்காலமாக இருந்தது. பதிவு வாரியமான ஏஆர்பி இப்போது அதை மாற்றி வருகிறது. ஆகவே பழைய மாணவர் சொல்லும் அனுபவத்தை மட்டும் நம்பிப் போகக் கூடாது. அங்கே இளங்கலைச் சேர்க்கையில், மாணவர் தம் படைப்புகளைத் தொகுத்துத் தரும் போர்ட்ஃபோலியோவுக்கு எடை அதிகம். ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு இளங்கலையும் ஈராண்டு முதுகலையும் சேர்ந்ததே தகுதி; கனடாவில் பெரும்பாலும் எம்.ஆர்க்கே தொழில்முறைப் பட்டம்.

ஜெர்மனி செலவு குறைந்த நாடு என்று நம் பக்கத்தில் பேசப்படுகிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இந்திய மாணவர், கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் அமைப்பின் சான்றிதழ் பெற வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதலான விதி. வெறும் பிளஸ் டூ மட்டும் இருந்தால் நேரடியாகச் சேர முடியாது. ஆயத்தக் கல்லூரியிலோ இந்தியப் பல்கலைக்கழகத்திலோ முதலில் ஓராண்டு படித்திருக்க வேண்டும். இளங்கலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான்.

செலவு

பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக்கடன் திட்டத்தில் 4 இலட்சம் வரை பிணை இல்லை, 7.5 இலட்சத்துக்கு மேல் சொத்துப் பிணை கேட்பார்கள். இம்மாவட்டத்தில் அது வீட்டுப் பத்திரம், இல்லையென்றால் ரப்பர் தோட்டம். பட்டியலினத்தவர் முதலியோருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும், இளங்கலைக்கு இல்லை. கட்டண அட்டவணையில் வராத செலவுகள் இப்படிப்பில் மிகுதி: மாடல் செய்யும் அட்டை, மரம், பசை, பெரிய தாள் அச்சு, வரைகலை மென்பொருளைத் தாங்கும் கணினி, ஸ்டுடியோ சுற்றுப்பயணம். ஒவ்வொரு சப்மிஷன் வாரத்திலும் பணம் கரையும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பி.ஆர்க்கை இந்தியாவில் முடித்து, ஓரிரண்டு ஆண்டு அலுவலகத்தில் வேலை செய்து, பிறகு முதுகலைக்கு வெளிநாடு போவதே இம்மாவட்டத்து நடுத்தரக் குடும்பத்துக்குப் பொருந்தும். இந்தியப் பதிவு கையில் இருக்கும், எதைப் படிக்கப் போகிறோம் என்பதிலும் தெளிவு வந்திருக்கும். வெளிநாட்டிலேயே குடியேறும் முடிவும் அதற்கான பணமும் உள்ள குடும்பம் மட்டும் பிளஸ் டூ முடித்த கையோடு அனுப்பலாம்.

போர்ட்ஃபோலியோ

அயல்நாட்டுச் சேர்க்கையில் மாணவரை மாணவராகக் காட்டுவது போர்ட்ஃபோலியோ. முதுகலைக்குப் பல பள்ளிகள் இருபது, முப்பது பக்கத்துக்குள் ஒரு பிடிஎஃப் கேட்கின்றன. பயிற்சி நிலையங்களில் ஒரே அச்சில் வார்த்த கண்ணாடிக் கோபுரப் படங்களைத் தேர்வுக் குழுவினர் நிறையப் பார்த்திருப்பார்கள். குமரி மாவட்டத்து மாணவருக்கு அதைவிட நல்ல சரக்கு வாசலில் கிடக்கிறது.

தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் நிற்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தைக் குடைந்து செதுக்கிய தூண், மந்திரசாலையில் அபிரகத் தகடு வைத்த சன்னல்கள், வெளியே கொளுத்தும் நேரத்திலும் குளிர்ந்து கிடக்கும் கறுத்த தரை என்று ஒவ்வொன்றும் ஒரு பாடம். அங்கே தொட்டு அளக்க அனுமதி வேண்டும். ஆனால் நாஞ்சில் நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் அதே தச்சு மரபு எளிய வடிவில் உண்டு. அப்படி ஒரு வீட்டின் மர அழிச் சன்னலை எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் தடிமன், அழியின் சாய்வு, அழிக்கும் அழிக்கும் உள்ள இடைவெளி மூன்றையும் நாடா பிடித்து அளந்து, ஐந்தில் ஒரு பங்கு அளவில் வெட்டுத்தோற்றம் வரைய வேண்டும். மதியம் பன்னிரண்டு மணி வெயில் தரையில் எதுவரை வருகிறது, சாரல் எங்கே நின்றுவிடுகிறது, உள்ளிருப்பவருக்குத் தெரு எவ்வளவு தெரிகிறது என்று அதே தாளில் குறிக்க வேண்டும். அந்தச் சன்னலைச் செய்த மூத்தாசாரியின் வழிவந்தவர் ஊரில் இருந்தால், பொருத்து எப்படி இழைந்தது என்று அவரிடமே கேட்டு வரையலாம். இப்படி ஒரு பக்கம், கணினியில் செய்த பத்துப் பக்கத்துக்குச் சமம்.

இன்னும் பல கருப்பொருள்கள் உண்டு. மயிலாடியின் கல்சிற்பப் பட்டறைகள். சுசீந்திரத்தின் ஏழுநிலைக் கோபுரம். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட, கணபதி ஸ்தபதியின் 133 அடி வள்ளுவர் சிலை. அதையும் 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்தையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கத்தில் கட்டித் தரப்பட்ட வீடுகளை மீனவக் குடும்பங்கள் எப்படி மாற்றிக்கொண்டன என்று வீடு வீடாக வரைந்தால், அது எந்த நாட்டுப் பள்ளியும் மதிக்கும் ஆய்வு. அந்த வீட்டாரின் சம்மதம் பெற்று, அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்வது முறை.

முன் சென்றவர்கள்

தென்னாசியாவிலிருந்து சென்று, அயல்நாட்டில் படித்தோ வேலை செய்தோ கட்டடக்கலை கற்றவர்களின் வரிசை நீண்டது. இலங்கையின் மின்னெட் டி சில்வா பம்பாயில் தொடங்கி இலண்டன் ஏஏ பள்ளியில் முடித்து, 1948-இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரானார். ஜெஃப்ரி பாவா வழக்கறிஞராயிருந்து, அதே பள்ளியில் படித்து 1957-இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. சார்லஸ் கொரயா மிச்சிகனிலும் எம்ஐடியிலும் படித்தார். பாலகிருஷ்ண தோஷி பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் வேலை செய்து திரும்பி, 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். நால்வரும் ஊர் திரும்பிக் கட்டியவர்கள்.

சரிபார்க்கும் முறை

அமெரிக்காவின் என்ஏஏபி, பிரிட்டனின் ஏஆர்பி, ஆஸ்திரேலியாவின் ஏஏசிஏ, கனடாவின் சிஏசிபி ஆகியவை அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலைத் தத்தம் இணையதளத்தில் வெளியிடுகின்றன. இந்தியக் கல்லூரிகளுக்கு அப்படி ஒரு பட்டியலைக் கட்டடக்கலை மன்றம் வெளியிடுகிறது. பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, சேரவிருக்கும் பட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். முகவருக்கோ கல்லூரிக்கோ முன்பணம் கட்டுவதற்கு முன் மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துவிடுங்கள்.