வலியின்றி வரும் நோய்: மேற்குப் புறநகரில் சிறார் ஈறு நலத்தின் வரலாறு

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என விரியும் பகுதி ஏரிப் பாசன ஊர்களாக இருந்த காலத்தில், பல் துலக்குவதற்கு வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, அடுப்புக்கரி, உப்பு ஆகியவையே பயன்பட்டன. பெரியவர்கள் குச்சியின் நுனியை மென்று நாராக்கிப் பல்லும் ஈறும் சேரும் விளிம்பைத் தேய்த்தனர். சிறுவர்களோ கரித்தூளையோ பற்பொடியையோ ஆள்காட்டி விரலில் தொட்டு, முன்பற்களில் நாலு இழுப்பு இழுத்து, வாய் கொப்பளித்து எழுந்தனர். விரல் பல்லின் முகப்பை வெளுக்கச் செய்யுமே தவிர, ஈற்றின் விளிம்பில் கிருமிகள் கூடி ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படிவாகிய பற்படலத்தை அது எட்டுவதில்லை.

இப்படலத்தால் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும் நிலை ஈறழற்சி எனப்படும். அழற்சி ஆழ இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பையும் நார்களையும் அரிக்கும் நிலை பற்சூழ் நோய் எனப்படும். முன்னதை முற்றிலும் குணப்படுத்தலாம். பின்னதில் இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. பல் துலக்குவதை நிறுத்தினால் மூன்று வாரங்களுக்குள் ஈறழற்சி தோன்றும் என்பதையும், மீண்டும் துலக்கினால் அது சில நாட்களில் தணியும் என்பதையும் 1965இல் ஹரால்ட் லோ குழுவினர் சோதனை வழியே நிறுவினர்.

அதே லோ 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பல் மருத்துவ வசதியும் பல் தூரிகையும் இல்லாதிருந்த 480 தமிழ்த் தொழிலாளர்களை ஆய்வுக்கு உட்படுத்தினார். அவர்களில் இளையோருக்கு வயது 14. எல்லோருக்கும் ஈறழற்சி இருந்தும், 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்து முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது, 11 சதவீதத்தினருக்கு ஈறழற்சியைத் தாண்டவேயில்லை என 1986இல் வெளியான முடிவுகள் காட்டின. ஈறு நோய் முதுமையின் பங்கு என்ற எண்ணத்தை, தமிழ்த் தொழிலாளர்களின் வாய்களே இவ்வாறு அசைத்தன.

பதின்பருவத்தில் சிலருக்கு மட்டும் வரும் கடும்வகை இதனினும் பழைய புதிர். 6 வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்களையும் வெட்டுப் பற்களையும் அது குறிவைப்பதோடு, படலமும் சிவப்பும் குறைவாகவே இருப்பதால் பல் ஆடும்வரை கண்ணில் படாமல் போகிறது. 1923இல் காட்லீப் என்ற ஆய்வாளர் இதை அழற்சி அன்று, எலும்புத் தேய்வே என்று கருதினார். 1969இல் இளம்பருவப் பற்சூழ் நோய் என்றும், 1999இல் தீவிரப் பற்சூழ் நோய் என்றும் பெயர் மாறி, 2017இல் நடந்த உலகப் பயிலரங்கிற்குப் பின் நிலையும் வேகமும் குறித்துப் பொதுவான பற்சூழ் நோய்க்குள்ளேயே அடக்கப்பட்டது.

மேற்குப் புறநகரிலோ, ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டையும் எழுந்து தொழிலாளர் குடும்பங்கள் குடியேறியபோது, பல் மருத்துவக் கல்வியின் முதன்மை இடமாக விளங்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாக 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியே. அங்கே சிகிச்சைக்குச் செல்ல ஆவடியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கடந்து நகரின் மையத்துக்கு வர வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியை விட்டுப் பிள்ளையை அழைத்துச் செல்வதற்குப் பொறுக்க முடியாத வலி ஒன்றே போதிய காரணமாக இருந்திருக்கக் கூடும். ஈற்றுக் கசிவோ வலிப்பதில்லை. 1988இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியதும், முகப்பேரிலும் போரூரிலும் மதுரவாயலிலும் கல்லூரிகள் அடுத்தடுத்து வந்ததும் இத்தூரத்தைக் குறைத்தன. வழிப்போக்கர் தங்குமிடத்தைக் குறிக்கும் 'சாவடி' என்னும் சொல்லைத் தாங்கிய ஊர், பல் நோயாளிகள் வந்திறங்கும் இடமாயிற்று.

தூரம் குறைந்த பின்னரும் நோய் குறைந்துவிடவில்லை. இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002–03இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், 12 வயதினரில் ஏறக்குறைய 57 சதவீதத்தினரிடமும் 15 வயதினரில் ஏறக்குறைய 68 சதவீதத்தினரிடமும் ஈறு நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. குச்சி போய்த் தூரிகை வந்தாலும், வலித்தால்தான் பல் மருத்துவர் என்ற வழக்கம் போகாதவரை மருத்துவமனையின் அருகாமையால் மட்டும் பயனில்லை. பிள்ளை துப்பும் பற்பசை நுரையில் தெரியும் இளஞ்சிவப்பே இந்நோய் தரும் முதல் தகவல். அது தெரிவது மருத்துவருக்கு அன்று, வீட்டில் இருப்பவர்களுக்கே.