ஒரே ஒரு விமான நிலையத்துக்கு இத்தனை போட்டியா? டோக்கியோ ஹனேடா 'ஸ்லாட்' விவகாரம் என்ன?

விமானம் இருக்கிறது, விமானி இருக்கிறார், பயணிகளும் தயார். ஆனாலும் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் நினைத்தபடி ஒரு விமானம் போய் இறங்கிவிட முடியாது. அதற்கு 'ஸ்லாட்' வேண்டும். 2019ல் அமெரிக்க நிறுவனங்களுக்குக் கிடைத்தது 12 ஸ்லாட், கேட்கப்பட்டதோ 19. இந்த மோதல் ஏன் வந்தது? யார் ஜெயித்தது? பயணிகளுக்கு இதனால் என்ன?

ஸ்லாட் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஓடுபாதையில் இறங்கவும், பிறகு கிளம்பவும் தரப்படும் அனுமதிதான் ஸ்லாட். இறங்க ஒன்று, ஏற ஒன்று என ஜோடியாகத்தான் தருவாங்க. பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நேரம் குறித்துக் கொடுப்பது போலத்தான் இதுவும். கூட்டம் இல்லாத விமான நிலையத்தில் இது பெரிய விஷயமே இல்லை. ஹனேடா போல நிரம்பி வழியும் இடத்தில் இதுதான் எல்லாமே.

ஹனேடா மேல் ஏன் இவ்வளவு ஆசை?

காரணம் தூரம். ஹனேடா டோக்கியோவின் மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். இன்னொரு விமான நிலையமான நரிட்டா 60 கிலோமீட்டருக்கும் மேல். நரிட்டாவில் இறங்கினால் ரயிலில் ஏறி ஊருக்குள் வரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அவசர வேலையாக வருபவர், கூடுதல் பணம் கொடுத்தாவது ஹனேடா விமானத்தில்தான் ஏறுவார். ஜப்பானின் மற்ற ஊர்களுக்குப் போகும் உள்நாட்டு விமானங்களும் பெரும்பாலும் இங்கிருந்துதான்.

அப்படின்னா நரிட்டா எதுக்கு?

1931ல் திறக்கப்பட்ட ஹனேடா, காலப்போக்கில் இடம் போதாமல் திணறியது. அதனால் நரிட்டா கட்டப்பட்டது. நிலத்தை விட மாட்டோம் என்று விவசாயிகள் வருடக்கணக்கில் போராடினார்கள். மோதல்களுக்கு நடுவே 1978 மே மாதம்தான் அது திறக்கப்பட்டது. வெளிநாட்டு விமானங்கள் ஏறக்குறைய எல்லாமே அங்கே மாற்றப்பட்டன. விதிவிலக்கு, தைவானின் சைனா ஏர்லைன்ஸ். சீனாவுடனான அரசியல் சிக்கலால் அது 2002 வரை ஹனேடாவிலேயே இருந்தது.

2010 அக்டோபரில் ஹனேடாவில் நான்காவது ஓடுபாதையும், புதிய சர்வதேச முனையமும் திறந்தன. கதவு மறுபடி திறந்தது, ஆனால் கொஞ்சமாகத்தான்.

யார் பங்கு போடுவது?

அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 2010ல் 'ஓப்பன் ஸ்கைஸ்' ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும், எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம் என்பதுதான் இதன் சாரம். ஹனேடா மட்டும் இதில் அடங்கவில்லை. அங்கே எத்தனை ஸ்லாட் என்பதை இரு அரசுகளும் பேசி முடிவு செய்யும். அமெரிக்காவின் பங்கு யாருக்கு என்பதை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தீர்மானிக்கும்.

2010ல் கிடைத்தது 4 ஸ்லாட் ஜோடி. அதுவும் இரவு 10 மணி முதல் காலை 7 மணிக்குள். டெல்டாவுக்கு 2, அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு 1, ஹவாயன் ஏர்லைன்ஸுக்கு 1. யுனைடெட்டுக்கு அப்போது எதுவும் கிடைக்கல. பகல் நேர ஸ்லாட்டுக்கு 2016ல்தான் உடன்பாடு வந்தது.

ஸ்லாட்டை வாங்கி சும்மா வைத்திருந்தால்?

இந்தச் சிக்கலும் வந்தது. சியாட்டில் நகருக்காக வாங்கிய ஸ்லாட்டில், 2014-15 குளிர்காலத்தில் டெல்டா சில நாட்கள் மட்டுமே விமானம் விட்டது. "பயன்படுத்தலைன்னா எங்களுக்குக் கொடுங்க" என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அரசிடம் போய் நின்றது. டெல்டாவிடமே ஸ்லாட் இருக்கட்டும், ஆனால் தினமும் பறக்க வேண்டும் என 2015ல் அரசு கறாராகச் சொல்லிவிட்டது. டெல்டா அதைத் திருப்பிக் கொடுக்க, அது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் லாஸ் ஏஞ்சலஸ் விமானத்துக்குப் போனது.

2019ல் நடந்தது என்ன?

டோக்கியோ ஒலிம்பிக்கை முன்னிட்டு, மத்திய டோக்கியோவின் மேலேயே விமானங்கள் பறக்க ஜப்பான் அனுமதித்தது. இதனால் ஹனேடாவின் பகல் நேர சர்வதேச விமான இயக்கம் ஆண்டுக்கு 60,000-லிருந்து 99,000 ஆக உயர்ந்தது. அதில் அமெரிக்க நிறுவனங்களின் பங்கு 12 ஜோடி.

யார் எத்தனை கேட்டார்கள், எத்தனை கிடைத்தது?

டெல்டா: கேட்டது 6, கிடைத்தது 5
யுனைடெட்: கேட்டது 6, கிடைத்தது 4
அமெரிக்கன் ஏர்லைன்ஸ்: கேட்டது 4, கிடைத்தது 2
ஹவாயன் ஏர்லைன்ஸ்: கேட்டது 3, கிடைத்தது 1

யுனைடெட்டுக்கு ஏ.என்.ஏ, அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் எனக் கூட்டாளிகள் உண்டு. ஜப்பானியப் பங்கில் அவர்கள் இயக்கும் விமானங்களிலும் இவர்கள் டிக்கெட் விற்கலாம். டெல்டாவுக்கு அப்படி யாரும் இல்லை. 2020 மார்ச்சில் டெல்டா நரிட்டாவை விட்டே மொத்தமாக வெளியேறி ஹனேடாவுக்கு வந்துவிட்டது. அதே மாதம் கொரோனா எல்லோரையும் தரையிறக்கியது.

இதில் பாதிப்பு யாருக்கு?

ஸ்லாட் ஊரின் பெயரோடு சேர்த்துத்தான் தரப்படுகிறது. நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வேறு ஊருக்கு மாற்ற முடியாது. சிறிய ஊர்களுக்கு இது ஒரு பாதுகாப்பு. ஆனால் பயணிகள் குறைந்தால் அந்தப் பாதுகாப்பும் நிற்பதில்லை. போர்ட்லாந்து ஸ்லாட்டை டெல்டா கைவிட்டது. 2024 முதல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நியூயார்க்கிலிருந்து ஹனேடாவுக்குப் பறக்கிறது. டோக்கியோவுக்கு நேரடி விமானம் இழந்த ஊர்க்காரர்கள், வேறு ஊர் போய் மாறித்தான் ஏற வேண்டும்.

இன்னொரு பக்கம், தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானங்களின் சத்தத்தை எதிர்த்து டோக்கியோவாசிகள் 2020ல் நீதிமன்றம் போனார்கள். கூடுதல் ஸ்லாட் என்றால் அவர்களுக்குக் கூடுதல் இரைச்சல்.

இந்தியாவுக்கு?

2019 அக்டோபரில் ஏ.என்.ஏ சென்னைக்குத் தொடங்கிய நேரடி விமானம், நரிட்டாவிலிருந்துதான் வந்தது. ஏர் இந்தியா தன் டெல்லி விமானத்தை 2025 மார்ச் 31ல் நரிட்டாவிலிருந்து ஹனேடாவுக்கு மாற்றியது. அடுத்த முறை டோக்கியோவுக்கு டிக்கெட் போடும்போது, விலையோடு எந்த விமான நிலையம் என்பதையும் பாருங்கள். மலிவாகத் தெரியும் டிக்கெட்டில், ரயில் கட்டணமும் ஒரு மணி நேரமும் சேர்ந்தே வரலாம்.