கல்லச்சுப் படங்களில் உழவு: கலைச்சொல்லும் படப்பெயரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வண்ணக் கல்லச்சுப் படங்கள் உழவு வாழ்க்கையைக் காட்டிய முறையையும், அவற்றைத் தமிழில் விவரிக்கும்போது எழும் இரு சொற்சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதற் சிக்கல் கலைச்சொல் பற்றியது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் இயல்பைக் கொண்டு கல்லிலிருந்து அச்சிடும் முறையை அலாய்ஸ் செனெபெல்டர் 1796 அளவில் கண்டறிந்தார். நிறத்துக்கொரு கல் என அச்சிடும் முறைக்கு 1837இல் கோட்ப்ரே எங்கல்மன் காப்புரிமை பெற்றார். எனினும், கறுப்பு மையில் அச்சிட்டுக் கையால் நிறந்தீட்டும் வழக்கமும் நெடுங்காலம் நீடித்தது. நியூயார்க்கில் நதேனியல் கரியர் 1853இல் வெளியிட்ட, பான்னி பாமர் வரைந்த அமெரிக்கப் பண்ணைக் காட்சிகள் இவ்வகையின. அக்கூடத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஆளுக்கொரு நிறமாகத் தீட்டினர். இரு வகையையும் 'வண்ணக் கல்லச்சு' என்றே குறித்தால் அப்பெண்களின் உழைப்பு சொல்லில் மறைந்துபோகும். முன்னதைப் பன்னிறக் கல்லச்சு என்றும் பின்னதைக் கைவண்ணக் கல்லச்சு என்றும் பிரித்து வழங்குதல் தகும்.

தமிழகத்திற்கும் கல்லச்சு முன்னரே வந்தது. ஜான் கான்ட்சும் அவர்தம் மகன் ஜஸ்டினியனும் 1820களில் சென்னையில் கல்லச்சுக்கூடம் நடத்தினர். ஆயினும், இந்திய இல்லங்களின் சுவர்களை எட்டிய படங்களில் வயல் அரிதாகவே இடம்பெற்றது. 1894இல் மும்பையில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் தெய்வ, புராணப் படங்களையே மிகுதியாக வெளியிட்டது. உழவரைக் காண வேண்டுமாயின் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் ஆங்கிலேயர்க்காக அபிரகத்தகட்டில் கையால் வரைந்த படங்களை நாடவேண்டும். அவற்றில் உழவனும் மனைவியும் தொழிற்கருவியுடன் ஒரு 'வகை'யாக நிற்பர். அவர்கள் உழும் நிலம் யாருடையது என்பதைப் படம் கூறாது.

இரண்டாம் சிக்கல் இங்கே பிறக்கிறது. ஆங்கில வருவாய் ஆவணங்களின் 'ரயத்து' அரபுச் சொல்லடியாக வந்தது. மந்தை, குடிமக்கள் என்பன அதன் மூலப்பொருள்கள். தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைந்த ரயத்துவாரி முறையில் அது நிலவரி செலுத்தும் பட்டாதாரரைக் குறித்தது. அவர் ஏர் பிடித்திருக்க வேண்டுவதில்லை. ஏர் பிடித்தவர் பண்ணையாளாகவோ, நெல்லைக் கூலியாகப் பெற்ற படியாளாகவோ இருக்கலாம். ஆகவே, ஆவணத்தில் 'ரயத்து' என வருமிடமெல்லாம் 'உழவர்' என மொழிபெயர்ப்பது உழைத்தவர் பெயரை நிலத்துக்குரியவருக்கு வழங்குவதாகும்.

பெங்களூர்த் தமிழருக்கு இக்குழப்பம் இன்னும் எளிதில் நேரும். கன்னடத்தில் 'ரைத' என்பது இன்று விவசாயி என்னும் பொதுப்பொருளில் வழங்குகிறது. முன்னாளில் நாக்ஸ்பேட்டை எனப்பட்ட மர்பி டவுன், 1809இல் நிறுவப்பட்ட தண்டுப்பகுதியைச் சார்ந்து வளர்ந்த தமிழர் குடியிருப்புகளுள் ஒன்று. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தண்டுப்பகுதிக்கு வந்தோர் பலர். அத்தகைய ஒருவரின் முன்னோர் பண்ணையாளாயிருந்து, ஆவணம் 'ரயத்து' எனப் பிறரைச் சுட்டியிருந்தால், இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்ப்பது அக்குடும்பத்தின் வரலாற்றையே மாற்றி எழுதுவதாகும்.

எனவே, படத்தில் காணும் தொழிலுக்கு 'உழவர்', வரிப்பதிவில் காணும் உரிமைக்குப் 'பட்டாதாரர்', கூலிக்கு உழைத்தவருக்குப் 'பண்ணையாள்' அல்லது 'படியாள்' எனச் சான்றறிந்து சொல் தேர்தல் வேண்டும். சான்று இல்லாதவிடத்து 'ரயத்து' என்பதை அவ்வாறே நிறுத்தி விளக்கம் தருதலே நேர்மையான மொழிபெயர்ப்பாகும்.