புதிதாய் வந்தவர்களின் கழகம்

சரித்திரம் எழுதுகிறவர்கள் அரசர்களையும் யுத்தங்களையும் தேர்தல்களையும் பற்றி எழுதுகிறார்கள். அயல்வீட்டுக் கதவை முதன்முதலாகத் தட்டிய கையைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஓர் ஊருக்குப் புதிதாக வந்து இறங்கியவனை யார் 'வாருங்கள்' என்று அழைத்தார்கள், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வைத்தியர் வீட்டை யார் காட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. ஆயினும், ஒரு சமூகத்தின் உள்ளத்தை அறிய விரும்புகிறவனுக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை என்பது என் எண்ணம். ஆகவே இன்று உங்களுடன் அமெரிக்கச் சிறு நகரங்களில் தோன்றி வளர்ந்த ஓர் எளிய அமைப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அங்கே அதனை 'நியூகமர்ஸ் கிளப்' என்பார்கள். புதிதாய் வந்தவர்களின் கழகம் என்று நாம் சொல்லலாம்.

அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் சங்கம் அமைப்பவர்கள் என்பதை முதலிற் கண்டு வியந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அலெக்சி த தொக்வில் என்னும் அந்த இளைஞர் 1831இல் அமெரிக்காவுக்குச் சென்று, தாம் கண்டவற்றை 1835இலும் 1840இலும் இரு பகுதிகளாக நூலாக்கினார். பிரான்ஸில் அரசாங்கமும் இங்கிலாந்தில் பிரபுக்களும் செய்கிற காரியத்தை அமெரிக்காவில் ஒரு சங்கம் செய்கிறது என்பது அவருடைய அவதானம். இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் வாழ்கிறவனுக்குச் சுற்றமும் கோயிலும் குளமும் தாமாகவே கிடைக்கின்றன. இடம் பெயர்ந்துகொண்டே இருக்கிறவன் அவற்றைப் போகுமிடமெல்லாம் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

1928ஆம் ஆண்டு, ரெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் தோமஸ் பிறிக்ஸ் என்பவர் ஒரு புதிய தொழிலைத் தொடங்கினார். மேற்கு நோக்கிக் கூண்டு வண்டிகளிற் பயணம் செய்த பழைய குடியேறிகளை உணவும் நீரும் கொண்டு எதிர்கொண்டழைத்த வண்டிகளைப் பற்றிய கதைகள் அவர் மனத்திலே இருந்தன. தம்முடைய நிறுவனத்துக்கு 'வெல்கம் வேகன்', அதாவது வரவேற்பு வண்டி, என்று அவர் பெயரிட்டார். ஊருக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், நன்றாக உடுத்திய, இனிமையாகப் பேசத் தெரிந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் கூடையொன்றுடன் அந்த வீட்டுக்குப் போவார். கூடையில் ஊர்க் கடைக்காரர்களின் சிறு அன்பளிப்புகள் இருக்கும். பாடசாலை எங்கே, தேவாலயங்கள் எவை, நல்ல பல்வைத்தியர் யார் என்பதையெல்லாம் அவர் இருந்து பேசிச் சொல்லிவிட்டு வருவார்.

இதிலே வியாபாரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. கூடையிலே தம் பொருளை வைப்பதற்கும் தம் கடையின் பெயரைச் சொல்வதற்கும் வியாபாரிகள் பணம் கொடுத்தார்கள். புதிதாக வந்தவன் முதலில் எந்தக் கடையில் பாண் வாங்குகிறானோ அந்தக் கடைக்கே பிறகும் போவான் என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால், கதவைத் திறந்த பெண்ணுக்கு அந்தக் கணக்கு முக்கியமாகப் படவில்லை. கட்டிய பெட்டிகள் அவிழாமற் கிடக்கின்ற வீட்டிலே, அறிந்த முகம் ஒன்றுமில்லாத தெருவிலே, ஒரு மனுஷி வந்து அரைமணி நேரம் அமர்ந்து பேசினாள். அதுவே அவளுக்குப் பெரிது. அன்பும் ஆதாயமும் ஒரே கூடையில் வருவது உலகத்தில் புதுமையுமன்று.

இந்த வரவேற்பிலிருந்து பிறந்த அடுத்த படிதான் கழகம். ஊருக்குப் புதியவர்களான பெண்களை ஒன்றுகூட்டி மாதம் ஒருமுறை மதிய போசனம், சீட்டாட்டத்தில் பிறிட்ஜ், கோப்பிக் கூட்டம், புத்தக வாசிப்பு, சமையற் குழு, தருமப் பணிக்கான விற்பனை என்று நிகழ்ச்சிகளை வகுத்தார்கள். இளந்தாய்மார் முறைவைத்து ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் பல ஊர்களில் இருந்தது. நெஞ்சிலே பெயர் எழுதிய அட்டை குத்தியிருக்கும். அந்த அட்டையில் பெரும்பாலும் கணவனுடைய பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று சேர்த்தே எழுதினார்கள். அவளுடைய சொந்தப் பெயரை அறியச் சில கூட்டங்கள் செல்லும்.

இக்கழகங்களில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றுண்டு. பல கழகங்களிலே அங்கத்துவம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு நீங்கள் புதியவர் அல்லர். எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர் சொல்வதை அவர்கள் மூன்று ஆண்டாக்கிவிட்டார்கள் போலும்! நடைமுறையில் நட்பை விட மனமில்லாதவர்கள் பழைய அங்கத்தவர் கழகம் என்று வேறொன்றை அமைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்த விதியின் உட்பொருள் அழகானது. புதியவன் என்பது ஒருவனுடைய சாதியன்று, பிறப்பன்று. அது சிறிது காலம் இருந்து கழிந்துபோகும் ஒரு நிலை.

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து படைவீரர்கள் வீடு திரும்பியபோது இக்கழகங்களின் பொற்காலம் தொடங்கிற்று. 1948இல் அமெரிக்கர்களில் நூற்றுக்கு 20 பேர் ஓராண்டுக்குள் வீடு மாறியிருந்தார்கள் என்று அந்நாட்டுக் குடிசனக் கணிப்பு கூறுகிறது. ஐந்தில் ஒருவர்! பெரிய கம்பனிகள் தம் உத்தியோகத்தர்களை ஊர் ஊராக மாற்றின. மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி கட்டிப் பழகிய நம் ஆசிரியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் இந்த வாழ்க்கை விளங்கும். புதிய ஊரின் முதல் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளமானது என்பதை நானும் அறிவேன்.

சிக்காகோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது மைல் தூரத்தில் பார்க் பொரஸ்ட் என்று ஓர் ஊர். சோள வயல்களாகக் கிடந்த நிலத்திலே திட்டமிட்டுக் கட்டப்பட்டது. 1948 ஓகஸ்டில் முதற் குடும்பங்கள் குடிவந்தபோது வீதிகள் முடியவில்லை, எங்கும் சேறு. அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு கூடாரத்தினுள் கூடி, தங்களுக்கென்று சொந்தமாக ஓர் ஊராட்சி வேண்டுமா என்று ஆலோசித்தார்கள். 1949 பெப்ரவரியில் அது சட்டப்படி ஊராயிற்று. அங்கே பழங்குடி என்று எவருமில்லை. ஊர் முழுவதுமே புதிதாய் வந்தவர்களின் கழகந்தான்.

வில்லியம் வைற் என்ற பத்திரிகையாளர் இந்த ஊரை ஆராய்ந்து, 1956இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற நூலிலே எழுதினார். அச்சிறு ஊரில் வளர்ந்தோருக்கான சங்கங்கள் மட்டும் 66 என்று அவர் எண்ணினார். ஆண்டுதோறும் பலர் ஊரைவிட்டுப் போனதால், ஒவ்வொரு சங்கமும் புதிய அங்கத்தவர்களைத் தேடி அலைந்தது. 1953இல் உள்ளூர்ப் பத்திரிகையிலே வந்த விருந்துச் செய்திகளைத் தொகுத்து, யார் யாருடைய வீட்டுக்குப் போனார்கள் என்று வரைபடத்திற் குறித்துப் பார்த்தார். குணமும் கொள்கையும் பார்த்து நட்பு உண்டாகவில்லை. வாசற்படி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ, கார் நிறுத்தும் பாதை எந்த வீட்டோடு அடுத்திருந்ததோ, அந்தப் பக்கமாகவே நட்பு வளர்ந்திருந்தது. வீட்டு வரிசையின் நடுவில் இருந்தவர்கள் அழைப்புக்களுக்குக் குறைவின்றி வாழ்ந்தார்கள். மூலைவீட்டுக்காரர் விடுபட்டுப் போக இடமிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி பார்த்தபோது குடும்பங்கள் பல மாறிவிட்டன. பழக்கத்தின் கோலம் மட்டும் மாறவில்லை.

கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இதிலே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நாமே தேர்ந்துகொண்ட நண்பர்கள் என்று எண்ணியிருப்போரிற் பலர் ஒரு கட்டடக் கலைஞன் வரைந்த கோட்டினால் வந்தவர்கள். அவ்வாறானால், எவரை அயலில் குடியிருத்துவது என்று தீர்மானிக்கிறவனே எவர் எவருக்கு நண்பராகலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறான். இந்தக் கதையின் இருண்ட பக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

அக்காலத்தில் அமெரிக்காவில் வீடு கட்டியவர்களிற் பெயர் பெற்றவர் வில்லியம் லெவிற். 1947இல் நியூயோர்க்குக்கு அருகே, லோங் ஐலன்ட் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் அவருடைய நிறுவனம் கட்டத் தொடங்கிய லெவிற்றவுண், 1951ஆம் ஆண்டளவில் 17,447 வீடுகளைக் கொண்டிருந்தது. போரிலிருந்து மீண்டவனுக்கு மலிவான, நல்ல வீடு. ஆனால் ஆரம்ப ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற விதி இருந்தது. இத்தகைய கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாதென்று 1948இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்த்த பின்னரும், கறுப்பின மக்களுக்கு விற்காமல் விடும் வழக்கம் தொடர்ந்தது.

பென்சில்வேனியா மாநிலத்திலே கட்டப்பட்ட இரண்டாவது லெவிற்றவுணில் 1957 ஓகஸ்டில் ஒரு குடும்பம் வீடொன்றை, அதன் முந்திய சொந்தக்காரரிடம் வாங்கிக் குடிவந்தது. கணவர் பில் மயர்ஸ், யுத்தத்திற் சேவை செய்தவர். மனைவி டெய்ஸி, ஆசிரியப் பயிற்சி பெற்றவர். மூன்று சிறு பிள்ளைகள். கறுப்பினத்தவர்கள். அவர்கள் வந்த செய்தி பரவியதும் வாசலில் கூட்டம் கூடிற்று. கற்கள் பறந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. நிலைமையை அடக்க ஆளுநர் மாநிலப் பொலிஸாரை அனுப்ப வேண்டியதாயிற்று.

நேயர்களே, இதிலும் ஒரு கழகம் உண்டு. மயர்ஸ் குடும்பத்தின் வீட்டுக்கு அடுத்திருந்த வெற்று வீட்டில் எதிரிகள் ஒன்றுகூடித் தங்களுக்கு 'டொக்வூட் ஹொலோ சமூகக் கழகம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இரவு பகலாக உரத்த சங்கீதம் வைத்து அக்குடும்பத்தின் நித்திரையைக் கெடுத்தார்கள். அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் பழைய கொடியையும் பறக்கவிட்டார்கள். புதியவரை வரவேற்கவென்று தோன்றிய கழகம் என்னும் சொல்லே, புதியவரைத் துரத்தும் கருவிக்கும் பெயராயிற்று. சங்கம் அமைப்பதிலே மட்டும் ஒரு புண்ணியமுமில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் மயர்ஸ் குடும்பத்தை விட்டு விலகவில்லை. அதற்காக அவர்கள் வீட்டிலும் கு குளுக்ஸ் கிளானின் எழுத்துக்கள் தீட்டப்பட்டன. குவேக்கர் சமயத்தவர்களும் வேறு சில அயலவரும் வந்து வீட்டைத் துப்புரவாக்க உதவினார்கள், காவலிருந்தார்கள். இறுதியில் மாநிலச் சட்டமா அதிபர் நீதிமன்றம் சென்று தடையுத்தரவு பெற்றார். மயர்ஸ் குடும்பம் அங்கேயே சில ஆண்டுகள் வாழ்ந்து, 1961இல் தம் விருப்பப்படியே வேறூர் போயிற்று. 1999இல் அவ்விடத்து நகரபிதா டெய்ஸி அம்மையாரை அழைத்துப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் பிந்திய வரவேற்பு அது.

நான் முன்பு சொன்ன பார்க் பொரஸ்ட் ஊருக்கு 1959இல் முதற் கறுப்பினக் குடும்பம் வந்தது. சார்ள்ஸ் வில்சன் என்ற பொருளியற் பேராசிரியரின் குடும்பம். அங்கே கல் பறக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் அயலவர்களோடு முன்கூட்டியே பேசியிருந்தார்கள். மனிதர்கள் இரண்டு ஊரிலும் ஒரேவகையினர்தாம்: போரிலிருந்து வந்தவர்கள், கடனுக்கு வீடு எடுத்தவர்கள், சிறு பிள்ளைகளின் தாய் தந்தையர். வேறுபாடு, பொறுப்பிலே இருந்தவர்கள் கதவுகளைத் தட்டிப் பேசினார்களா இல்லையா என்பதிலே பெரிதும் தங்கியிருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

பிறகு காலம் மாறிற்று. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் காலைக் கோப்பிக் கூட்டங்களுக்கு வீட்டில் ஆளில்லை. வெல்கம் வேகன் நிறுவனம் 1998இல் வீடு தேடிச் செல்வதை நிறுத்திவிட்டுத் தபாலில் விளம்பரப் புத்தகம் அனுப்புவதோடு அமைந்தது. சங்க வாழ்க்கை நலிந்துவருவதைப் பேராசிரியர் றொபேர்ட் புட்னம் 1995இல் ஒரு கட்டுரையிலும் 2000இல் ஒரு பெரு நூலிலும் எடுத்துக்காட்டினார். வீடு மாறுவோரும் குறைந்து, 2021இல் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவாயினர். ஆயினும் பல சிறு நகரங்களில் இக்கழகங்கள் இன்றும் இருக்கின்றன, ஆண்களும் சேர்கிறார்கள். பெயர் அட்டையிலே பெண்ணின் சொந்தப் பெயர் எழுதப்படுகிறது.

ஒரு கூடையும் அரைமணி நேரப் பேச்சும் பெரிய காரியங்களல்ல. ஆனால், மூலைவீட்டில் இருக்கிறவருக்கு அவை வந்து சேர்ந்தனவா என்று பார்த்தால் ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளந்துவிடலாம். நமக்குப் பிடித்தவரை வரவேற்பதற்குக் கழகம் தேவையில்லை, அதற்கு ஆசையே போதும். நமக்குப் பழக்கமில்லாத முகம் வாசலில் நிற்கும்போது கதவைத் திறப்பதற்குத்தான் மனிதனுக்கு ஒரு விதியும் ஒரு பழக்கமும் வேண்டியிருக்கின்றன.