முறிந்த இதழ்கள்

1837-ஆம் ஆண்டு லண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஒரு சிறு நீராவிப் படகு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் செய்வித்தவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்னும் விவசாயி. பின்புறம், நீருக்குள், இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத்திருகு. எதிலோ மோதி அதில் பாதி முறிந்தது. படகு தளர்ந்திருக்க வேண்டும். மாறாக, முன்னிலும் விரைந்தது. ஸ்மித் முறிந்த துண்டை மீண்டும் ஒட்ட முனையவில்லை. ஒற்றைச் சுற்றுத் திருகையே புதிதாகச் செய்து பொருத்தினார். கப்பலின் உந்துவிசிறி, அதாவது புரொப்பெல்லர், வளர்ந்த கதையில் இது ஒரு திருப்பம்.

எல்லா முறிவும் இவ்வளவு கருணை காட்டுவதில்லை. ஸ்மித்தின் வழியில் உருவான 'ஆர்க்கிமிடிஸ்' கப்பலை 1840-இல் சோதித்துப் பார்த்த பொறியாளர் புரூனல், தாம் கட்டிக்கொண்டிருந்த 'கிரேட் பிரிட்டன்' கப்பலுக்குத் துடுப்புச் சக்கரங்களைக் கைவிட்டு உந்துவிசிறியைத் தேர்ந்தார். ஆறு இதழ்கள், ஏறத்தாழ 16 அடி விட்டம். 1845-இல் அது அட்லாண்டிக்கைக் கடந்தது. அதே ஆண்டின் இரண்டாம் பயணத்தில் இதழ்கள் சில உடைந்தன. நியூயார்க்கில் பழுது பார்த்தார்கள். திரும்பும் வழியில் மேலும் உடைந்தன. உலகின் மிகப் பெரிய நீராவிக் கப்பல் பாய்களை நம்பி லிவர்பூல் வந்து சேர்ந்தது.

குறை வடிவத்தில் இல்லை, உறுதியில் இருந்தது. தனித்தனிக் கைகளில் தகடுகளை இணைத்த அமைப்பு கடலின் ஓயாத அதிர்வைத் தாங்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நான்கு இதழ்கள் கொண்ட வலுவான வார்ப்பிரும்பு விசிறி பொருத்தப்பட்டது. நேர்த்தி சற்றுக் குறைந்தது, உறுதி கூடியது. ஆயினும் 1846 செப்டம்பரில் கப்பல் அயர்லாந்தின் டன்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டியது. ஏற்கெனவே செலவில் தத்தளித்த நிறுவனம் அதிலிருந்து மீளவில்லை.

1970-இல் ஃபாக்லாந்துத் தீவுகளிலிருந்து பிரிஸ்டலுக்கு மீட்டு வரப்பட்ட அக்கப்பலில் இன்று இருப்பது ஆறு இதழ் விசிறியின் மாதிரி. தாங்கிய விசிறியை விட்டுத் தோற்ற விசிறியையே மீட்டிருக்கிறார்கள். முதலில் எனக்கு இது முரணாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. படகை ஓடவைக்கப் பழுது பார்ப்பவன் முறிந்ததை மறக்கலாம். வரலாற்றைப் பழுது பார்ப்பவனுக்கு அந்த உரிமை இல்லை.