ஆளைச் சாய்க்க எத்தனை குண்டு வேண்டும்? 1911 பிஸ்டலும் ஒரு டாக்டரும்

1/ சினிமாவில் ஹீரோ ஒரே ஒரு தடவை சுடுவார். வில்லன் பத்தடி பறந்து போய் விழுவான். "நிஜத்துல அப்படி நடக்குமா டாக்டர்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நடக்காது. ஆனால் ஒரே குண்டில் ஆளை உடனே சாய்க்க முடியுமா என்று 120 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்க ராணுவமே ஒரு டாக்டரிடம் கேட்டது. அவர் சொன்ன பதிலிலிருந்து பிறந்ததுதான் 1911 பிஸ்டல். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாங்க.

2/ 1898-ல் ஸ்பெயினைத் தோற்கடித்த அமெரிக்கா, 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸை எடுத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெற்கே மிண்டனாவோ, சூலு தீவுகளில் இருந்த மோரோ முஸ்லிம்கள் பணியவில்லை. வாளோடு வந்து மோதினார்கள்.

3/ அப்போது அமெரிக்க வீரர்கள் இடுப்பில் இருந்தது .38 ரிவால்வர். குண்டின் விட்டம் சுமார் 9 மி.மீ. "சுட்டோம், பட்டது, ஆனாலும் ஆள் நிக்காம வந்து வெட்டுறான்" என்று புகார் மேல் புகார். மோரோ வீரர்கள் சிலர் ரத்தம் சீக்கிரம் வெளியேறாமல் இருக்க கை கால்களைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றும் பதிவுகள் சொல்கின்றன. நாங்கள் சொல்லும் டூர்னிக்கே அதுதான்!

4/ 1904-ல் ராணுவம் இரண்டு பேரை ஆய்வுக்கு அனுப்பியது. ஒருவர் ஆயுதப் பிரிவின் ஜான் தாம்சன். பின்னாளில் 'டாமி கன்' இவர் பெயரில்தான் வந்தது. இன்னொருவர் ராணுவ மருத்துவர் லூயி லகார்ட். துப்பாக்கிக் காயங்களையே வாழ்நாள் பாடமாக எடுத்துக்கொண்ட சர்ஜன்.

5/ ஆய்வு நடந்த இடம் சிகாகோ இறைச்சிக்கூடம். உயிருள்ள மாடுகளைப் பல அளவு குண்டுகளால் சுட்டார்கள். மனிதச் சடலங்களையும் சுட்டு, எலும்பு எப்படி உடைகிறது என்று பார்த்தார்கள். சில மாடுகள் பத்து குண்டு வாங்கியும் விழவில்லை. கடைசியில் சுத்தியலால் அடித்துக் கொன்றார்கள். படிக்கவே சங்கடமா இருக்கு இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

6/ மாடுகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. சுட்ட இடமும் விதமும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. இன்றைக்கு ஒரு மருந்துக்கு இந்த லட்சணத்தில் ஆய்வு கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருந்தாலும் முடிவு வந்தது: ராணுவக் கைத்துப்பாக்கிக் குண்டு .45-க்குக் குறையக் கூடாது. அதாவது சுமார் 11.4 மி.மீ.

7/ அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. மனித உடம்பின் பெரும்பகுதியில் குண்டு பட்டால் ஆள் உடனே விழ மாட்டான். அதனால் வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை விடாமல் கொடுங்கள் என்றார்கள். .45 என்ற எண்ணை உலகமே பிடித்துக்கொண்டது. இந்த வரியை மறந்துவிட்டது.

8/ மறுவருஷம், 1905-ல், சமர் தீவில் தப்பிக்க முயன்ற ஒரு கைதியை .38 ரிவால்வரால் மிக அருகில் நான்கு முறை சுட்டார்கள். மூன்று குண்டு நுரையீரலைத் துளைத்தது. அப்பவும் ஆள் விழவில்லை. துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்தபிறகுதான் அடங்கினார். சில வாரத்தில் குணமாகியும் விட்டார். இதைப் புத்தகத்தில் எழுதி வைத்தவர் அதே லகார்ட்.

9/ இதன் உடலியல் எளிது. மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் மட்டும்தான் உடனடி வீழ்ச்சி. மற்ற இடங்களில் ரத்தம் வெளியேறித்தான் ஆள் விழணும். இதயமே கிழிந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்து ஒருவர் 10 விநாடி வரை இயங்க முடியும். குண்டின் பருமனைவிட அது பட்ட இடம்தான் முக்கியம்.

10/ சரி, பிஸ்டலுக்கு வருவோம். வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஜான் மோசஸ் பிரௌனிங். 1911 மார்ச்சில் இறுதிச் சோதனை. இரண்டு நாளில் 6000 குண்டு. சூடு ஏறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டல் 37 முறை மக்கர் பண்ணியது. பிரௌனிங்குடையது ஒருமுறைகூட இல்லை. மார்ச் 29 அன்று ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1985-ல் பெரெட்டா வரும்வரை அதுதான் அதிகாரபூர்வ பிஸ்டல்.

11/ இரண்டாம் உலகப்போரில் டைப்ரைட்டர் கம்பெனி ரெமிங்டன் ராண்டும் ரயில்வே சிக்னல் கம்பெனியும் இதைத் தயாரித்தன. நம்ம வீட்டுத் தையல் மெஷின் சிங்கர் இருக்கே, அவர்களும் 500 செய்தார்கள்!

12/ காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று யார் வேண்டுமானாலும் 1911 செய்யலாம். அமெரிக்காவில் அசல் கோல்ட் வாங்கும் காசில் ஏறக்குறைய பாதிக்கு நல்ல குளோன் கிடைக்கும். அதில் பிரபலமான ஒன்று எங்கே தயாராகிறது தெரியுமா? பிலிப்பைன்ஸில், மணிலாவை ஒட்டிய மரிகினா நகரில். எந்த நாட்டு மக்களைச் சாய்க்க .45 வேண்டும் என்றார்களோ, அதே நாடு இன்று அதைச் செய்து அமெரிக்கர்களுக்கே விற்கிறது. வரலாறு இப்படியும் திரும்பும்.

13/ குளோன் வைத்திருப்பவர்கள் பராமரிப்பைப் பூஜை மாதிரி செய்வார்கள். தண்டவாளம் மாதிரி இருக்கும் பகுதியில் எண்ணெய். சில ஆயிரம் குண்டுக்கு ஒருமுறை ரீகாயில் ஸ்பிரிங் மாற்றணும். காலிக் குண்டுக்கூட்டை இழுத்து வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கம் சரியா இருக்கணும். ஃபயரிங் பின் ஸ்பிரிங் தளர்ந்தால், பழைய வடிவமைப்பில் துப்பாக்கி வாய் தரையில் படும்படி கீழே விழுந்தாலே வெடிக்கலாம்.

14/ டாக்டராக நான் மூன்று விஷயம் சேர்ப்பேன். ஒன்று, கழற்றும்போது ஸ்பிரிங் மூடி தெறித்து வரும், கண்ணாடி போடாமல் தொடக் கூடாது. இரண்டு, குண்டிலும் அதன் பின்பக்க ப்ரைமரிலும் ஈயம் உண்டு. துப்பாக்கியைத் துடைத்த கையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவி, சட்டையையும் மாற்றணும். ஈயம் முதலில் பாதிப்பது பிஞ்சு மூளையை.

15/ மூன்றாவதுதான் உயிர் காக்கும். முதலில் மேகசினைக் கழற்றணும். பிறகு ஸ்லைடை இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்கணும். வரிசையை மாற்றினால் மேகசினிலிருந்து அடுத்த குண்டு அறைக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். மேகசின் வெளியே இருந்தாலும் 1911 சுடும். 'சுத்தம் பண்ணும்போது வெடிச்சிடுச்சு' என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் பல நேரம் இந்தத் தவறுதான் இருக்கும்.

16/ எல்லாம் முடிந்ததும் பூட்டு. குண்டு தனியே, துப்பாக்கி தனியே. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அங்கே எதிரி யாரும் இல்லை, குறி தவறவும் வாய்ப்பில்லை. மன அழுத்தத்தில் இருப்பவருக்கு அந்தக் கொடிய நிமிஷம் பெரும்பாலும் கடந்துபோய்விடும். அதைக் கடக்க வைப்பது சில சமயம் ஒரு பூட்டும், கையில் கிடைக்காத ஒரு சாவியும்தான்.

17/ லகார்டைத் திட்டவா, பாராட்டவா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ரத்தத்தை நிறுத்தக் கற்ற ஒரு டாக்டரிடம், எப்படி வேகமாகச் சாய்ப்பது என்று கேட்டார்கள். அவரும் நேர்மையாக அளந்து சொன்னார். 1906-ல் ஜோலோ தீவின் புட் டாஜோ மலையில் 600-க்கும் மேற்பட்ட மோரோக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். அப்போது 1911 பிஸ்டல் பிறக்கவே இல்லை. கொல்வதற்குப் பெரிய குண்டு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

18/ அந்தத் தம்பிக்கு என் பதில்: குண்டு பட்டு யாரும் பறக்க மாட்டார்கள் தம்பி. மெதுவாக ரத்தம் போகும். அந்த நேரத்துக்குள் காயத்தை அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தால் பலரைக் காப்பாற்றலாம். அந்தக் கைதி பிழைத்த மாதிரி.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.